அசையாமல் நின்ற கோடு

சில வருடங்களுக்கு முன், ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஆலைகள் திறந்த முதல் நாள் காலை. செவ்வாப்பேட்டையிலிருந்து ரயில் மாறி, பஸ் மாறி, இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றுக்குப் போயிருந்தேன். இயந்திரங்களைத் தானாக இயக்கும் கன்ட்ரோலர்களுக்கு புரோகிராம் எழுதுவது என் வேலை. எந்த அளவு எல்லை தாண்டினால் அலாரம் அடிக்க வேண்டும், எதையெல்லாம் நொடிக்கு நொடி பதிந்து வைக்க வேண்டும் என்பது அந்த புரோகிராமில் இருக்கும். சொந்தக்காரர்கள் இதை 'ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் வேலை' என்பார்கள். என் சுடிதாரைத் துவைத்துப் பார்த்தால் தெரியும்.

அந்த ஆலையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சும் உலைக்கு, நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுதான் எரிபொருள். அதில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஆளை மட்டும் சாய்த்துவிடும். வாயுக் குழாயின் வால்வுகள் தரைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் இருந்தன. விடுமுறைக்கு முந்தைய வாரம்தான் அந்தப் பள்ளத்தில், விஷவாயு கசிந்தால் காட்டிக் கொடுக்கும் சென்சாரைப் பொருத்தி கன்ட்ரோலரோடு இணைத்திருந்தேன்.

"இன்னா மேடம் இது, குட்டி டார்ச் லைட்டு மாதிரி கீது?" என்று கேட்டார் ஃபிட்டர் அண்ணன். பள்ளிப்பட்டுக்காரர். வால்வுகளைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

"உங்க உயிரைக் காப்பாத்துற சாமிண்ணா" என்றேன். டெஸ்ட் வாயுவைக் காட்டி அலாரத்தை அடிக்கவும் வைத்தேன். சுற்றி நின்றவர்கள் கை தட்ட, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விடுமுறை முடிந்து வந்த அன்று, பதிவான அளவுகளை எப்படிப் பார்ப்பது என்று ஷிப்ட் இன்சார்ஜுக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். திரையில் விடுமுறைக்கு முந்தைய நாட்களின் கோடு லேசாக நடுங்கி நடுங்கிப் போயிருந்தது. எரியும் உலைக்குப் பக்கத்தில் கொஞ்சம் வாயு இருக்கத்தான் செய்யும். விடுமுறையில் உலை அணைந்திருந்ததால் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அதுவும் சரிதான். ஆனால் அன்று விடியற்காலையிலேயே உலையை மூட்டியிருந்தார்கள். கோடோ இன்னும் அப்படியே கிடந்தது.

இன்சார்ஜுக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா மேடம், ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி போய்க்கினு கீது. லீக்கே இல்ல!"

எனக்கு அது பிடிக்கவில்லை. வயர் அறுந்தால் அலாரம் வரும்படி எழுதியிருந்தேன்; அந்த அலாரமும் வரவில்லை. அப்படியென்றால் சென்சார் வேலை செய்கிறது, ஆனால் அதற்கு எதுவும் தெரியவில்லை.

"பள்ளத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ஃபிட்டரு இப்பதான் எறங்குனாரு. வால்வுக்கு கிரீஸ் வெக்கணும்னாரு."

பள்ளத்தில் வாயு இருந்தாலும் இந்தச் சென்சார் காட்டாது என்று நான் சொன்னதும், இன்சார்ஜ் அவரை வாக்கி டாக்கியில் கூப்பிட்டார். பதில் இல்லை. உலையை நிறுத்தினால் முதலாளியிடம் திட்டு வாங்கப்போவது அவர்தான். ஆனாலும் வாயுவை நிறுத்தும் பட்டனை யோசிக்காமல் அடித்தார். ஓடினோம்.

ஏணியின் அடியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அண்ணன், களைப்பாறுகிறவர் போல. கூப்பிட்டால் நிமிரவில்லை. அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் இறங்கப் போக, இன்சார்ஜ் அவர்களின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எவனும் எறங்கக் கூடாது! ஒருத்தன தூக்கப் போய் நாலு பேர பொணமா தூக்கணுமா?"

"கண்ணெதிர்ல சாவறான், பாத்துக்கினு நிக்கச் சொல்றியா?" என்று ஒருவர் அழுதுகொண்டே அவரை அடிக்கவே வந்துவிட்டார். அடி விழுந்தாலும் வழிவிட மாட்டேன் என்று நின்றார் மனிதர். காற்று சிலிண்டரோடு கூடிய மாஸ்க்கை ஒருவர் ஓடிப்போய்க் கொண்டு வந்தார். அது வரும்வரை அங்கே நின்றதைப் போல ஒரு கொடுமையை நான் அனுபவித்ததில்லை. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு இன்சார்ஜே இறங்கி, அண்ணனைக் கயிற்றில் கட்டினார். எல்லாருமாக இழுத்தோம். மூச்சு இருந்தது.

ஆம்புலன்ஸ் போய், பள்ளத்தில் காற்று சரியான பிறகு சென்சாரைக் கழற்றிக் கொண்டு வந்தார்கள். அதன் வாய் நிறையச் சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து இறுகியிருந்தது. மோட்டாருக்குப் பொட்டு வைத்தால் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. இந்தச் சென்சாரோ அந்த வாயால்தான் காற்றை முகர வேண்டும். பூஜையன்று அது அடைத்துப் போயிருக்கிறது.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் எழுந்து உட்கார்ந்திருந்தார். மனைவி இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவரே சொன்னார்.

"நான்தான் மேடம் வெச்சேன். மத்த மிசினுக்கெல்லாம் ஒரு விரல்ல தொட்டு வெச்சேன். இது நம்ம உசுர காப்பாத்துற சாமின்னு சொன்னீங்கல்ல, அதான் இதுக்கு மட்டும் நெறயா வெச்சேன்."

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். யாரைத் திட்டுவது? எனக்கும் அழுகை வந்துவிட்டது, அங்கேயே நின்று அழுதேன்.

உலை எரியும்போது கோடு அசையாமல் நின்றாலும் அலாரம் அடிக்கும்படி அந்த வாரமே புரோகிராமை மாற்றினேன். பள்ளத்தில் இறங்கும் முன் சென்சாருக்கு டெஸ்ட் வாயு காட்டியே ஆக வேண்டும் என்று இன்சார்ஜ் கறாராகச் சொல்லிவிட்டார். அலாரம் அடிக்காவிட்டால் ஆபத்து இல்லை என்றுதான் அதுவரை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் எந்த ஆலைக்குப் போனாலும், திரையில் எல்லாம் சரியாக இருப்பதாகத் தெரிந்தால், நான் முதலில் கேட்பது உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதைத்தான்.