கொடிகாமத்திலிருந்து மானிப்பாய்க்கு, கேரியரில் ஒரு டெக்

பழைய வீடியோ டெக்கைத் திருத்த யாழ்ப்பாணத்தில் ஆள் உண்டா என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். உண்டு. ஆனால் புறப்படுமுன் தொண்ணூற்று மூன்றில் நான் போன பயணத்தைக் கேளுங்கள்.

கொடிகாமத்தில் பெரியப்பா இறந்தார். ஜேர்மனியில் இருந்த ஒரே மகனால் வர முடியவில்லை. மகன் பார்க்கவென்று செத்தவீட்டை வீடியோ எடுத்தோம். இரண்டு நாளில் கொழும்புக்குப் போகும் ஒருவர் கசெட்டைக் கொண்டுபோக இருந்தார். அனுப்பமுன் ஒருதரம் பார்க்கப் பெரியம்மா ஆசைப்பட்டார். மின்சாரம் இல்லாத காலம், ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்தோம். வாய்க்கரிசி போடும் இடத்தில் பெரியப்பாவின் முகம் கிட்டத் தெரிந்தது. “உதிலை நிப்பாட்டு மோனை” என்றார் பெரியம்மா. நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மண்ணெண்ணெய் தீர்ந்து எல்லாம் அணைந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கசெட்டை நெம்பி இழுத்ததில் நாடா உள்ளே சிக்கிக்கொண்டது.

விடிய ஐந்து மணிக்குச் சைக்கிள் கேரியரில் தலையணை வைத்து, டெக்கை ரியூப்பால் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். சாவகச்சேரி வரை வீதி பரவாயில்லை. நாவற்குழிப் பாலத்தில் எதிர்காற்று, இறங்கி உருட்டினேன். மானிப்பாய் சேர ஒன்பது மணி.

கடைக்கார அண்ணை மூடியைக் கழற்றி, மோட்டாரை விரலால் மெல்லச் சுழற்றி நாடாவை விடுவித்தார். தளர்ந்திருந்த இறப்பர் பட்டியை மாற்றி, நாடாவில் இருக்கிற படத்தை எடுக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். டெக் சரி. பிறகு கசெட்டைத் திறந்து பார்த்தார்.

“தம்பி, ஒரு சாண் நாடா கசங்கிப் போச்சு. வெட்டாட்டி ஹெட்டை அடைச்சுப்போடும். மிச்சமும் தெரியாது.”

“அதிலைதான் அண்ணை, பெரியப்பான்ரை முகம் கிட்டத் தெரியுது.”

“தூரத்திலை தெரியுற இடம் இருக்குத்தானே?”

“ஓம்.”

“அப்ப மகன் அதையாவது பாக்கட்டும். நீங்கள் சொன்னால்தான் வெட்டுவன்.”

வெட்டச் சொன்னேன். ஒட்டித் தந்தார், கூலி நூற்றைம்பது ரூபா.

பின்னேரம் வீடு வந்து நடந்ததைச் சொன்னேன். பெரியம்மா அழவில்லை. “வெட்டினதை எறிஞ்சு போட்டியோ?” என்று மட்டும் கேட்டார். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முற்றத்தில் நின்று அந்த ஒரு சாண் நாடாவை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“உதிலைதானே இருக்கிறார்?”

“ஓம், பெரியம்மா.”

“ஒண்டும் தெரியேல்லை, மோனை.”

அதைச் சுருட்டித் திருநீற்றுப் பெட்டிக்குள் வைத்தார். கசெட் மறுநாள் கொழும்புக்குப் போனது.

ஆகவே, டெக் கொண்டுபோகிறவர்களுக்கு: கசெட் சிக்கினால் இழுக்காதீர்கள், அப்படியே கொண்டுபோங்கள். கனகாலம் கிடந்த டெக்கில் நல்ல கசெட்டை முதலில் போடாதீர்கள். ஓடும் படத்தை ஓரிடத்தில் நிறுத்தி வைக்காதீர்கள், அந்த இடம்தான் முதலில் தேயும். பெரியம்மாவுக்கு இதை அன்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் அங்கேதான் நிறுத்தச் சொல்லியிருப்பார்.