சுவருக்கு யார் வெள்ளையடிக்கச் சொன்னது?

பல்லேபொலவில் நான் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் மிளகு வியாபாரியின் பின்முற்றத்தில் கால் வைத்ததுமே கத்தினேன். "நானா, சுவருக்கு யாரு வெள்ளையடிக்கச் சொன்னது?"

"மிஸ் படம் எடுக்க வாறீங்கண்டுதான். அழுக்குச் சுவர எப்படிக் காட்டுறது?"

எனக்குத் தலை கொதித்தது. சுவர்களைப் படமெடுத்து அளப்பது என் வேலை. ஒரே சுவரைப் பல இடங்களில் நின்று எடுப்பேன். கணினி எல்லாப் படங்களிலும் அதே கறையை, அதே பாசியைத் தேடிப் பிடித்து, சுவரின் வடிவத்தை மில்லிமீட்டர் கணக்கில் சொல்லிவிடும். மழைக்கு முன் ஒருமுறை எடுத்திருந்தேன். இப்போது எடுப்பதை அதோடு ஒப்பிட்டால், மேட்டைத் தாங்கி நிற்கும் அந்தச் சுவர் சரிகிறதா என்று தெரியும். தெரிந்தே ஆக வேண்டும். சனிக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். சுவருக்குக் கீழேதான் பெண்களுக்குப் பந்தல்.

வெள்ளைச் சுவரில் கணினிக்குப் பிடிக்க என்ன இருக்கிறது? ஒரு மண்ணும் இல்லை.

"பொண்ணுக்குப் பவுடர் பூசுங்க, சரி. சுவருக்கு எதுக்கு?"

உள்ளேயிருந்து மணப்பெண்ணின் குரல் வந்தது. "எனக்கே வாப்பா இவ்வளவு பூசல்ல, மிஸ்!"

வாளியில் செம்மண்ணைக் கரைத்து, விளக்குமாறை முக்கிச் சுவரில் உதறச் சொன்னேன். அவர் ஒரே அளவாக, வரிசையாகத் தெளித்தார். "கோலமா போடுறீங்க? கண்டபடி அடிங்க!" ஒரே மாதிரிப் புள்ளிகள் இருந்தால் கணினி குழம்பிவிடும். கடைசியில் அவர் மனைவி விளக்குமாறைப் பிடுங்கி, சுவரையும் அவர் கட்டியிருந்த சாரத்தையும் சேர்த்துச் சிவப்பாக்கினார்.

பக்கத்துப் பாறையில் நான் முன்பே ஒட்டிய குறிகள் தப்பியிருந்தன. சுவரைப் படமெடுத்து, அந்தக் குறிகளை வைத்துப் பழைய வடிவத்தையும் புதியதையும் பொருத்தினேன். திரையில் சுவர் பச்சையாக வந்தது; அசையாத இடமெல்லாம் பச்சை. இடது மூலை மட்டும் சிவப்பு.

"அந்த மூலை வயிறு தள்ளியிருக்கு. இங்க பந்தல் போடக் கூடாது. பிறகு இடிச்சுக் கட்டுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "மாப்பிள்ள வீட்டாக்கள மட்டும் இங்க வைப்பமா?"

மனைவி விளக்குமாறை மறுபடி தூக்கினார்.

சனிக்கிழமை பந்தல் முன்பக்கம் இருந்தது, பாதி பக்கத்து வீட்டு வளவுக்குள். பெண்களோடு ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டேன். இனிப்புக்கு வட்டிலப்பம், இரண்டு தரம். பின்பக்கம் சிகரெட் பிடிக்கப் போன மாப்பிள்ளையின் மாமாவை நானே ஏசித் திருப்பி அனுப்பினேன்.