அத்தையின் பஸ் ஆட்டம்

மேளச் சத்தம் கேட்டால் எனக்குக் கை வேலையில் நிற்காது. ஏற்காட்டில் ஏரிக்குப் போகிற வழியில் நானும் வீட்டுக்காரரும் பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறோம். சீசன் சமயத்தில் ஆட்டக்காரர்கள், பாட்டுக்காரர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். போன வருசம் ஒருவர் சைக்கிள் சீட்டின் மேல் நின்றுகொண்டு நாயனம் வாசித்தார். சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது. அவரை வாய் பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரு சட்டி மிளகாய் பஜ்ஜி கருகிப்போனது. கருகாமல் இருந்ததை அவருக்கே கட்டிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் மூன்று நாள் அதையே சொல்லிக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு எலுமிச்சை விளக்குப் போடுகிறவள்தான் நான். ஆனாலும் கோயிலுக்குள் கால் வைத்ததும் பம்பைக்காரர் எங்கே நிற்கிறார் என்றுதான் என் கண் முதலில் தேடும். அதற்கு அப்புறம்தான் அம்மன். அவளுக்கும் அது தெரியும். இத்தனை வருசத்தில் அதற்காக என்னை ஒன்றும் செய்ததில்லை.

இந்தப் பைத்தியம் எனக்கு அத்தையிடமிருந்து ஒட்டியது. அப்பாவுக்கு அக்கா அவள். இதே மலையில் வாழவந்தியில் எங்கள் வீட்டை ஒட்டினாற்போல அவள் வீடு. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற வேலை. குள்ளமான ஆள், முன்பல் ஒன்று கிடையாது. ஆடிப் பண்டிகைக்குப் பம்பை கட்டிவிட்டால் போதும், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நடுவில் போய் நின்றுவிடுவாள். சாமி வந்து ஆடுகிற ஆட்டமில்லை அது. சும்மா ஆடுகிற ஆட்டம். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பழக்கூடையை எடை பார்ப்பதை ஆடுவாள். ஆரஞ்சு திருட வந்த குரங்கு, அதைத் துரத்தப் போய்த் தானே வழுக்கி விழுந்த வாட்ச்மேன், இரண்டு பேரையும் ஒரே ஆளாக ஆடுவாள். ஆனால் ஊரில் பெயர் எடுத்தது அவளுடைய பஸ் ஆட்டம்தான்.

சேலத்திலிருந்து மலையேறி வருகிற பஸ்ஸை அப்படியே ஆடிக் காட்டுவாள். அடிவாரத்தில் வண்டி கிளம்பும்போது தோள் மட்டும் நடுங்கும். முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும் இடுப்பு ஒரு பக்கம் சாயும். பம்பைக்காரரும் தாளத்தை இழுத்துப் பிடிப்பார். எட்டாவது வளைவில் ஜன்னலோரம் இருக்கிறவருக்குக் குமட்டும். பத்தாவதில் எதிரே லாரி வந்து பஸ் பின்னால் போகும், அத்தையும் பின்னாலேயே ஆடிக்கொண்டு போவாள். பதினைந்துக்கு மேலே போனால் வண்டிக்கே தலை சுற்றும். அத்தைக்குக் கொண்டை அவிழ்ந்துவிடும், கண் மேலே செருகிக்கொள்ளும், உடம்பு பம்பரமாகச் சுற்றும். இருபதாவது வளைவு தாண்டி ஏற்காட்டில் பிரேக் போட்டு நிற்கும்போது ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

வளைவை எண்ணுகிறவர் மாமா, அத்தையின் புருசன். வருசம் முழுக்கப் பத்து வார்த்தை பேசாத மனுசர். அன்றைக்கு மட்டும் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பதினொன்று, பன்னிரண்டு என்று சத்தமாக எண்ணுவார்.

எனக்கு ஒன்பது வயசு நடக்கும்போது என் அக்காவுக்குக் கிளியூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினான். அதற்கு முன்னால் இரண்டு வரன் தட்டிப் போயிருந்தது. இரண்டாவது தட்டியதற்கு, ஆட்டக்காரி வீட்டுப் பெண் என்று யாரோ சொன்ன சொல்தான் காரணம் என்பது அம்மாவின் கணக்கு. இந்தப் பையனை அக்காவுக்குப் பிடித்திருந்தது. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். இலை போட்டு உட்கார்ந்து ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டால் கல்யாணம் முடிவான மாதிரி. பெண் பார்க்க வந்தபோது அவர்கள் சாப்பிடாமல்தான் போனார்கள். ஆடிப் பண்டிகைக்கு வருகிறோம் என்று அப்புறம் சொல்லியனுப்பினார்கள். சாப்பிடுவார்களா மாட்டார்களா என்பது மாப்பிள்ளையின் அம்மா கையில் இருந்தது. அந்த அம்மா சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று தரகர் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று அப்பாவும் அம்மாவும் இரண்டு நாள் தவித்தார்கள். கடைசியில் அத்தையே வந்தாள்.

"இந்த வருசம் பஸ்ஸு ஸ்டிரைக்கு. எம் புள்ளைக்குக் கலியாணம் முடியட்டும். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

சொன்னதோடு நிற்காமல் பண்டிகைச் சமையல் முழுக்கத் தானே செய்வதாகவும் ஏற்றுக்கொண்டாள். அடுப்படியில் கிடந்தால் வெளியே போகிற நினைப்பு வராது என்பது அவள் யோசனை. இருந்தாலும் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இரு, விருந்தாளிகள் சாப்பிட்டு எழுந்திருக்கிற வரைக்கும் விடாதே என்று சொன்னாள்.

பண்டிகையன்று காலையிலிருந்தே சாரல். மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேர் வந்தார்கள். வாசலில் கீற்றுப் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா முன் வரிசையில் உட்கார்ந்தார். முன்னால் வைத்த தண்ணீர்ச் சொம்பு வைத்தது வைத்தபடி இருந்தது. அடுப்படியில் அரிசிச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் தயார். அப்பா உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்தார். இலையைப் போடுங்கள் என்று அந்த அம்மா வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வீடே காத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மன் ஊர்வலம் எங்கள் வீதிக்கு வந்தது. வீட்டுக்கு வீடு நின்று மஞ்சள் தண்ணீர் வாங்கிக்கொண்டு போவார்கள். பம்பைக்காரர் கீழே அடிவாரத்துக் குப்பனூரிலிருந்து வருகிறவர். மலைக்குளிர் அவருக்கு ஆகாது. உடம்பெல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு, தலைக்கு மட்டும் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு அடிப்பார். எங்கள் வீட்டு விசயம் அவருக்கு எப்படித் தெரியும்? வாசலில் நின்றபடி அடுப்படியைப் பார்த்து, "ஏனுங்க அக்கா, வண்டி இன்னும் கெளம்பலைங்களா?" என்று கேட்டார்.

அத்தை கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் சும்மா இருக்காமல் பஸ் கிளம்புகிற தாளத்தை மெல்ல ஆரம்பித்தார். அத்தையின் தோள் நடுங்கியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். முதல் வளைவு போயிற்று, இரண்டாவது போயிற்று. முந்தானையை நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

இந்த இடத்தில் அம்மனுக்குப் பயந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அத்தை என்னை உதறிவிட்டுப் போகவில்லை. இழுக்கக்கூட இல்லை. பஸ் ஆட்டம் இல்லாமல் ஒரு பண்டிகை போய்விடுமே என்று எனக்குத்தான் பொறுக்கவில்லை. நான்தான் கையை விட்டேன்.

அதற்கப்புறம் அத்தையை யார் நிறுத்துவது? நாலே எட்டில் வாசலுக்குப் போய்விட்டாள். ஊர் சுற்றி நின்றுகொண்டது. மாமா, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே வாய்க்குள் எண்ண ஆரம்பித்துவிட்டார். எட்டாவது வளைவில் குமட்டல் வந்தபோது அத்தை போய் நின்ற இடம் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நேர் எதிரே. பிள்ளைகள் சிரித்தன. அந்த அம்மா சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "யாருங்க இந்தப் பொம்பளை? உங்க ஊட்டு ஆளுங்களா?" என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா எழுந்து, சேலையை உதறிச் சொருகிக்கொண்டு, கூட வந்தவர்களிடம் கிளம்பலாமுங்க என்றார். கதவுக்குப் பின்னால் அக்கா சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

அத்தைக்கு எதுவும் தெரியவில்லை. பதினேழாவது வளைவில் இருந்தாள். முடி அவிழ்ந்து முகத்தில் கிடந்தது. கண் செருகியிருந்தது.

கோயிலில் நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சாமி வந்தவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. தலைவிரி கோலமாக எப்படிக் குதித்தாலும் கும்பிடத்தான் செய்வார்கள். அது என் நினைவுக்கு வந்ததா, வாய் தானாகத் திறந்ததா, தெரியாது.

"அத்தைக்குச் சாமி வந்திருச்சு" என்று கத்தினேன்.

மாமா பதினேழோடு நிறுத்திக்கொண்டார். பம்பைக்காரர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கிளம்பி நிற்கிற விருந்தாளிகளைப் பார்த்தார். கெட்டிக்காரர். தாளம் அப்படியே சாமி தாளமாக மாறியது. யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அத்தையின் தலையில் ஊற்றினார்கள். யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது சேலம் பஸ் என்று தெரியும். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அக்காவுக்காகக் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தவர்கள், கொஞ்ச நேரத்தில் நிசமாகவே கும்பிட்டார்கள். அப்பாகூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா முகம் வெளுத்துப்போய் வந்து, ஈரத்தரையில் விழுந்து அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டார். "தாயே, தெரியாமப் பேசிப்போட்டேன். ஏதாச்சும் குத்தங்கொறை இருந்தாச் சொல்லிப்போடு, தாயே."

அத்தை மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். மூக்கு நுனியில் மஞ்சள் தண்ணீர் சொட்டியது. பம்பையைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். எந்த நிமிசமும் சிரித்துவிடுவாள் என்று பயந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சோறு ஆறுது. எல்லாரும் போயி உக்காந்து சாப்புடுங்க" என்றாள்.

ஆத்தாளே உத்தரவு கொடுத்த பிறகு மறு பேச்சு ஏது? மாப்பிள்ளையின் அம்மா முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தார். குழம்பு இரண்டு தடவை வாங்கினார். தை மாசம் கல்யாணம் நடந்தது. அக்கா இன்றைக்கும் கிளியூரில் நல்லபடியாக இருக்கிறாள்.

மறுநாள் நான் ஒருத்தியாகக் கோயிலுக்குப் போய்க் கண்ணைக் குத்திவிடாதே என்று அம்மன் முன்னால் இருபத்தோரு தோப்புக்கரணம் போட்டேன். பொய் சொன்ன பயம். இப்போது யோசித்தால், அதை முழுப் பொய் என்று சொல்லவும் மனசு வரவில்லை. அம்மன் பஸ்ஸில் வரக்கூடாது என்று யார் சொன்னது? பதினேழாவது வளைவில் கைகாட்டி ஏறியிருந்தாலும் ஏறியிருப்பாள்.

அடுத்த ஆடிக்கு அக்காவின் மாமியார் தாம்பாளத்தில் மஞ்சள் சேலையும் மாலையுமாக வந்தார். அவர் சொல்லித்தான் அந்தப் பக்கத்துச் சனமும் வந்தது. பண்டிகைக்கு முன்னால் எட்டு நாள் அத்தையை விரதம் இருக்கச் சொல்லியிருந்தார்கள். எஸ்டேட் வேலைக்குப் போகக் கூடாது, யார் வீட்டிலும் சாப்பிடக் கூடாது. பம்பைக்காரர் குல்லாயைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு அத்தையை விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் குச்சியையே எடுத்தார். சாமி தாளம் தவிர வேறு அடிக்கவில்லை. அத்தை வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே லேசாக அசைந்தாள். மாடு காணாமல் போனவர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் நிற்காதவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து வாக்குக் கேட்டார்கள். எல்லாம் சரியாப் போயிரும் போங்க என்று எல்லோருக்கும் விபூதி கொடுத்தாள். மாமாவும் அந்த வரிசையில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று, முறை வந்ததும் பெண்டாட்டியைத் தாயே என்று சொல்லி விபூதி வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

எனக்கு ஒரே பெருமை. ஆட்டக்காரி, கோமாளி என்று பேசின வாயெல்லாம் இப்போது ஆத்தா என்கிறதே, இத்தனைக்கும் காரணம் என் ஒரு சொல் அல்லவா?

மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு அத்தை வீட்டுக்குப் பின்னால் போனேன். கல்லில் உட்கார்ந்து காலில் இருந்த மஞ்சளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "இப்பல்லாம் உன்னையப் பாத்து யாருமே சிரிக்கறதில்லீல்ல, அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை சொம்பைக் கீழே வைத்தாள்.

"இல்ல கண்ணு" என்றாள். "ஒருத்தருமே சிரிக்கறதில்ல."

நான் செய்த உபகாரத்தை ஒருவழியாக அவளே ஒப்புக்கொண்டாள் என்று நினைத்தேன். சந்தோசமாக அவள் மடியில் சாய்ந்துகொண்டு, சாமிக்கு உடைத்த தேங்காயில் ஒரு பத்தை கொடு என்று கை நீட்டினேன்.