சாந்த்ராகாச்சியில் ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை

விபத்து நடக்காதவரை எங்கள் சரக்கு அநாவசியம். நடந்த பிறகு தேடினால் காலம் கடந்துவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் எப்படியோ விற்றுப் பிழைக்கிற தொழில் என்னுடையது.

அமிலம், எண்ணெய், காஸ்டிக் போன்ற ஆபத்தான திரவங்கள் பீப்பாயிலிருந்தோ டேங்கர் லாரியிலிருந்தோ கொட்டினால், தரையில் பரவாமல் பிடித்து வைக்கும் தொட்டிகளை விற்கிறேன். அடியில் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு, சுற்றிலும் முழங்கால் உயரச் சுவர்த் துண்டுகள், மூலைக்கு மூலை கொக்கி. வேண்டிய இடத்தில் விரித்து, துண்டுகளைக் கோத்து, வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். வேலை முடிந்தால் மடக்கி எடுத்துக்கொண்டு போகலாம். கம்பெனி வைத்த பெயர் ஒரு வரி நீளம். என் மனைவி வைத்த பெயர் மடக்குத் தொட்டி.

ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இந்தத் தொட்டியை விற்பதற்காக நான் வழக்கமாகச் சொல்லும் ஒரு கதை உண்டு. அதைப் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் சொல்லி வந்திருக்கிறேன். இன்சூரன்ஸ் விற்பவர்களுக்கும், தீயணைக்கும் உருளை விற்பவர்களுக்கும், தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறுபவர்களுக்கும் இது புரியும். உங்களிடமும் அப்படி ஒரு கதை இருக்கும். நீங்கள் பார்த்திராதது, வேறு யாரோ பார்த்துச் சொன்னது. எதிரில் இருப்பவர் கொட்டாவி விடும்போது கைகொடுப்பது.

பொரி

எனக்குக் கதையைக் கொடுத்தவர் தீபங்கர்தா. வயதில் மூத்தவர் என்றால் கொல்கத்தாவில் பெயரோடு 'தா' ஒட்டிக்கொள்ளும்; பெயர் சொல்லாமல் கூப்பிட்டால் 'தாதா', நம் ஊர் அண்ணன் மாதிரி. எங்கள் கம்பெனியில் சர்வீஸ் இஞ்சினியராக இருந்தார். விற்ற இடங்களுக்குப் போய்த் தொட்டியை விரித்துக் காட்டுவதும், கிழிந்தால் ஒட்டிக் கொடுப்பதும் அவர் வேலை. சித்திரை வெயிலில்கூட மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையில்தான் வருவார். அதைக் கிண்டல் செய்யாத ஆள் ஆபீஸில் கிடையாது. லாட்சாகேப், கவர்னர் துரை, வந்தாச்சு என்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தொட்டிகூட விற்காமல் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் அதைச் சொன்னார். சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குப் பின்னால் ஒரு தனியார் கிடங்கு. மழைக்காலம். டேங்கரிலிருந்து காஸ்டிக் கரைசலைப் பீப்பாய்களில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். காஸ்டிக் என்பது சோப்பு ஆலைகளுக்குப் போகிற சரக்கு. பார்க்கத் தண்ணீர் போல இருக்கும், வாடை இருக்காது, தோலில் பட்டால் தின்றுவிடும். திடீரென்று குழாய் கழன்றுவிட்டது. வால்வை அடைப்பதற்குள் கொட்டியதெல்லாம் கீழே விரித்திருந்த எங்கள் தொட்டிக்குள் விழுந்தது. தொட்டிச் சுவரை ஒட்டி ஒரு கூலியாள் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தீபங்கர்தா சர்வீஸுக்காக அங்கே போயிருந்தவர், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர். இத்தோடு நிறுத்தியிருந்தால் முழுசாக நம்பியிருப்பேன். கடைசியாக ஒன்று சேர்த்தார்.

"ஒரு சொட்டுகூட வெளியே போகலை, மூர்த்தி. அந்த ஆள் கையில இருந்த பொரியைக்கூடக் கீழே வைக்கலை."

மாகுர்

அந்தக் கதையைக் கேட்டு முதலில் வாங்கியது ஹவுராப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலை. விஸ்வகர்மா பூஜைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் அன்றைக்கு இயந்திரத்துக்கெல்லாம் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் சாப்பாடு போடுவார்கள். கேட்டில் நுழையும்போதே, முற்றத்தில் எங்கள் தொட்டி விரித்திருப்பது தெரிந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாங்குகிறவர்கள் பொதுவாக அழுக்காகிவிடும் என்று பெட்டியைப் பிரிக்கவே மாட்டார்கள். இங்கே விரித்து வைத்திருக்கிறார்களே!

கிட்டப் போனால் உள்ளே தண்ணீர். தண்ணீருக்குள் மாகுர் மீன்கள், நம் ஊர்க் கெளுத்தி மாதிரி, மீசையும் கறுப்பு உடம்புமாக. மத்தியான விருந்துக்கு உயிரோடு வைத்திருந்தார்கள். நல்லவேளை, வேறு எதுவும் படாத புதுத் தொட்டி. நான் ஏதாவது சொல்வதற்குள் ஃபோர்மேன் என் கையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்து, தொட்டியைச் சுற்றியிருந்த தரையைத் தடவச் சொன்னார். தடவினேன். காய்ந்திருந்தது. எங்கள் தொட்டி ஒழுகாது என்பதற்கு நான் என் கண்ணால் பார்த்த முதல் ஆதாரம் அந்த மீன்கள்தான் என்பதை நினைத்தால் இன்றும் ஒரு மாதிரியாக இருக்கிறது.

"நேத்துலேருந்து நிரம்பி நிக்குது, ஈரமே இல்லை பாருங்க. நல்ல பொருள் குடுத்திருக்கீங்க, தாதா."

ஆளுக்கொரு சுவர்

இன்னொரு இடம் ஒரு பெரிய நிறுவனத்தின் ஸ்டோர்ஸ். அதிகாரி சங்கரநாராயணன், திருநெல்வேலிக்காரர், மாற்றலாகி வந்தவர். ஒரு தமிழன் கையில் சரக்கைக் கொடுத்துவிட்டோம், விளக்கம் தேவையில்லை என்பது என் கணக்கு. சில மாதம் கழித்துப் போனபோது தொட்டி எங்கே என்று கேட்டேன். எல்லா இடத்திலும் இருக்கிறது என்றார். சுற்றிக் காட்டினார். பெயிண்ட் ஷாப்பில் ஒரு சுவர்த் துண்டு நின்றுகொண்டிருந்தது. ஜெனரேட்டர் அறையில் ஒன்று, லேபில் ஒன்று, கேண்டீனில் ஒன்று. கொக்கிகள் மெயின்டனன்ஸுக்குப் போயிருந்தன. தனித்தனிச் சுவர் எதையும் தடுக்காது, எல்லாம் சேர்ந்தால்தான் தொட்டி என்று நான் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அடி விரிப்பு மட்டும் அவர் மேஜைக்குக் கீழே சுருட்டி வைத்தபடி இருந்தது.

"கேட்ட செக்ஷனுக்கெல்லாம் சண்டை வராம ஆளுக்கொரு சுவர் குடுத்தாச்சு வே. இந்த நடுவுல உள்ளதை யாருக்குக் குடுக்கன்னுதான் முழிச்சிட்டிருக்கேன்."

மூடி

வங்காளத்து மழை எங்கள் தொழிலுக்குப் பரம விரோதி. வெட்டவெளியில் விரித்த தொட்டி ஒரே மழையில் நிரம்பிவிடும். நிரம்பிய தொட்டி சிந்துவதை எப்படிப் பிடிக்கும்? அதற்காக அடியோரம் ஒரு துளையும் அதற்கு ஒரு திருகு மூடியும் வைத்திருக்கிறோம். மழை விட்டதும் மூடியைக் கழற்றி நீரை வெளியே விட்டுவிட்டு, மறுபடி திருகிவிட வேண்டும். இதை வாரம் தவறாமல் எங்காவது ஓரிடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டான்குனியில் ஒரு வாடிக்கையாளர். முதல் முறை போனபோது தொட்டி விளிம்புவரை நீர், ஓரத்தில் தவளை. நீண்ட பிரசங்கம் செய்துவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது, தொட்டியோ காலி. என் பேச்சைக் கேட்ட முதல் மனிதர் என்று சூப்பர்வைசரோடு கைகுலுக்கப் போனால், அவர் அறைச் சுவரில் ஆணியில் அந்த மூடி தொங்குகிறது. தொலைந்துவிடக் கூடாதென்று அவரே நூல் கட்டி மாட்டி வைத்திருக்கிறார். துளை நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. மழைநீர் போகிற வழியில் அமிலமும் போகுமே என்றேன். அவர் அதை யோசித்துப் பார்த்தமாதிரிகூடத் தெரியவில்லை.

"தினம் திறந்து மூட யாருக்கு நேரம் இருக்கு? அடுத்த தடவை வெறும் ஓட்டையோட அனுப்பச் சொல்லுங்க, மூடி எங்களுக்கு வேண்டாம்."

ஹாருவின் ஸ்டூல்

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். இத்தனை வருடத்தில் மழைக்காலத் தொட்டிகளை இரண்டே விதமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒன்று நிரம்பி நிற்கும், இல்லாவிட்டால் மூடி கழன்று கிடக்கும். சாந்த்ராகாச்சியில் நடந்ததும் மழைக்காலத்தில். அங்கே மட்டும் தொட்டி எப்படிக் காலியாகவும் மூடியோடும் இருந்தது? அதுவரை பொரிதான் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது மூடியும் சேர்ந்துகொண்டது.

சந்தேகத்தோடு காலம் தள்ளியிருப்பேன், ஹாரு மண்டல் இல்லாமல் இருந்தால். உலுபேரியாவில் ஒரு காஸ்டிக் டெப்போவில் பம்ப் ஓட்டுகிறவர். முன்பெல்லாம் பம்ப் ஓடும்போது கேட்டோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, அடிக்கடி எழுந்து வந்து குழாயைப் பார்த்துவிட்டுப் போவாராம். நான் அங்கே தொட்டியை விரித்துக் காட்டி, வழக்கம்போலக் கதையையும் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த முறை போனால், ஸ்டூல் தொட்டிச் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. அங்கேதான் தூணில் ஃபேன் இருக்கிறது, செல்போன் சார்ஜ் போடவும் வசதி. டேங்கருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். துளையைப் பார்த்தேன், மூடி பக்கத்தில் கிடந்தது. நானே திருகிவிட்டு வந்தேன். அதற்கடுத்த முறையும் கழன்றுதான் கிடந்தது.

டெப்போ மேனேஜரிடம் சொன்னேன். நீங்கள் விற்ற பொருளை நீங்களே நம்பவில்லையா என்று சிரித்தார். ஹாருவிடமே போனேன். இரண்டு பெண் குழந்தைகளின் படத்தைச் செல்போன் முகப்பில் வைத்திருக்கும் மனிதர். கதை பொய் என்று சொன்னால் நகர்ந்துவிடுவார், ஆனால் டெப்போவில் தொட்டியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடுவார்கள். குழாய் கழன்றால் பிடிக்க ஒன்றுமே இருக்காது. உண்மை என்று சொன்னால் அங்கேயே உட்கார்ந்திருப்பார். எது என்று எனக்கே தெரியாதபோது என்ன சொல்வது? கேட்டோரமே உட்காரலாமே, காற்று நன்றாக வருமே என்று மழுப்பினேன். அவர் காதிலிருந்த ஒயரை எடுத்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னார்.

"சாந்த்ராகாச்சி ஆள் பொரியைக்கூடக் கீழே வைக்கலைன்னு நீங்கதானே எல்லார் முன்னாடியும் சொன்னீங்க, மூர்த்திபாபு? அது பொய்னு சொல்லுங்க, இப்பவே நகர்ந்துக்கிறேன்."

கரியாஹாட்

ஹாருவின் ஸ்டூல் இப்போது கேட்டோரம்தான் இருக்கிறது. மழை விட்டால் எழுந்து போய் நீரை வெளியே விட்டுவிட்டு மூடியைத் திருகுகிறார். கதை பொய் என்றோ உண்மை என்றோ நான் அவரிடம் சொல்லவில்லை. தீபங்கர்தாவிடம் நான் கேட்ட கேள்வியை மட்டும் சொன்னேன். குனிந்து தொட்டியின் துளையைப் பார்த்துவிட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார்.

தீபங்கர்தா ஓய்வு பெற்றுவிட்டார். கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. சாயங்காலம் காய்கறிப் பையோடு நடைபாதை டீக்கடையில் நிற்பார். ஹாரு அப்படிக் கேட்ட பிறகு ஒரு நாள் அங்கே போய் அவரைப் பிடித்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. அதே முழுக்கைச் சட்டை, தோளெல்லாம் நனைந்திருந்தது. சுற்றி வளைக்காமல் சாந்த்ராகாச்சியைப் பற்றிக் கேட்டேன். அன்றைக்கு மழை உண்டா என்றால், விடாத மழை என்றார். மேலே கூரை? லாரி நிற்கிற இடத்தில் எதற்குக் கூரை என்றார். அப்படியானால் தொட்டியில் நீர் நிரம்பியிருக்க வேண்டுமே என்றேன். இல்லை, காலியாகத்தான் இருந்தது என்றார். அப்போது மூடி கழன்று கிடந்ததா என்று கேட்டபோது, எல்லா இடத்திலும் அப்படித்தானே, உனக்குத் தெரியாதா என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீக்காகக் கையை நீட்டினார்.

கடைக்காரர் முன்னால் நின்றவர்கள் தலைக்கு மேலாக மண்குவளையை நீட்டிக்கொண்டிருந்தார். எட்டி வாங்கும்போது, பொத்தான் கழன்று, நனைந்து தளர்ந்த சட்டைக் கை முழங்கை வரை வழிந்து இறங்கியது. கையுறை முடிகிற மணிக்கட்டிலிருந்து மேலே தோல் சுருங்கி, வேறு நிறத்தில், மெழுகு உருகி உறைந்தது போல இருந்தது. இத்தனை வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறோம், அந்தக் கையை நான் பார்த்ததில்லை. லாட்சாகேப் என்று நானும் சொல்லியிருக்கிறேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். குவளையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, அவசரமில்லாமல் சட்டையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"கதையைச் சொன்னா வியாபாரம் ஆகுதில்ல, மூர்த்தி? அப்புறம் என்ன?"

ஆள் பார்த்துக்கொள்ளத் தேவையில்லாத பாதுகாப்பு என்று ஊரெல்லாம் சொல்லி விற்றவன், பதில் கண்ணுக்கு எதிரிலேயே பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது, ஆளைப் பற்றித்தான் கேட்டேன்: "அந்த மூடியைத் திருகினது யார், தாதா?"