ஒற்றை விரல்

கமலாக்ஷியின் பத்து விரல்களும் தட்டச்சுப் பொறியின் மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன. கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே. மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்குப் படகு வந்தாயிற்றா, சுக்கு மூட்டை ஏற்றிய கைவண்டி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறதா என்றெல்லாம் பார்த்தபடியே வியாபாரிகளின் கடிதங்களை அடித்துத் தள்ளிவிடுவாள். மருந்துக்கும் ஒரு பிழை இருக்காது. ஆனால் யாராவது ஒரு வேலை ஒப்பந்தத்தை நீட்டிவிட்டால், ஒன்பது விரல்கள் மடங்கிக்கொள்ளும். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக் குத்தும்.

இது எழுபத்தெட்டாம் வருஷம். மட்டாஞ்சேரியில் பாதிப் பேர் பேர்ஷ்யாவுக்கு, அதாவது வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். மீதிப் பேர் எப்படிப் போவது என்று விசாரிக்கிறார்கள். போகிறவர்கள் எல்லாரும் அவசரக்காரர்கள். “நீங்க இப்படி அடிச்சா அங்க எண்ணெயே தீந்துரும் மாமி” என்பார் எதிர்க்கடை செல்லப்பா.

“தீரட்டுமே. நீங்க போய் ஒரு சாயா குடிச்சுட்டு வாங்கோ.”

இந்தப் பிடிவாதம் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. இருபத்திரண்டு வயதில் வெலிங்டன் தீவில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் தட்டச்சு வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றே மானேஜர் ஒரு கட்டு நியமனக் கடிதங்களை அடிக்கக் கொடுத்தார். மூன்றாவது கடிதம் அவளுடையது. மற்றவற்றைப் போலவே அதையும் மின்னல் வேகத்தில் அடித்தாள், கையெழுத்துப் போட்டாள், நல்ல பெயர் வாங்கினாள். பத்து வருஷம் கழித்து இரண்டாவது பிரசவத்துக்கு விடுமுறை கேட்டபோது, விடுமுறைக்குப் பதில், வடக்கே எங்கோ இருக்கும் காண்ட்லா துறைமுகத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அங்கே கம்பெனிக்கு இருந்தது ஓர் அறையும் ஒரு பெயர்ப்பலகையும்தான். எந்த ஊருக்கு வேண்டுமானாலும் மாற்றலாம் என்று அவளுடைய நியமனக் கடிதத்தின் ஐந்தாவது வரியில் இருந்தது. ஏழு மாத வயிற்றோடு எங்கே போவது? வேலையை விட்டாள், மட்டாஞ்சேரியில் இந்தத் தட்டச்சுக் கடையைப் போட்டாள்.

“நானே அடிச்ச வரியாக்கும் அது. கை படிச்சுது, நான் படிக்கல்லை” என்று இப்போதும் சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், ஆனால் அந்த ஆத்திரம் தணியவே இல்லை.

போன வாரம் சிகாபுதீன் வந்தான். நல்ல தையல்காரன், கோட்டுக்குத் துணி வெட்டுவதில் மட்டாஞ்சேரியில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. எர்ணாகுளம் பிராட்வேயில் மாடியறை வைத்து ஆள் அனுப்பும் ஏஜெண்ட் நாணு கொடுத்த ஆங்கில மாதிரியைப் பார்த்து மூன்று பிரதி அடிக்க வேண்டும். கமலாக்ஷியின் விரல் பாதி வழியில் நின்றுவிட்டது.

“தையல் வேலையும், கம்பெனி சொல்ற வேற எந்த வேலையும்னு போட்டிருக்கே. வேற எந்த வேலைன்னா எது?”

“அது சும்மா ஒரு பேச்சுக்கு எழுதுறதுதானேக்கா.”

“ஒட்டகம் மேய்க்கச் சொன்னா மேய்ப்பியோ? கல்லு சுமப்பியோ? போய்க் கேட்டுட்டு வா, அப்பறம் அடிக்கறேன்.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே படகேறினான். மறுநாள் மதியம் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்து நின்றான்.

“அக்கா, அந்த வரி போச்சு! நாணுச்சேட்டன் விட்டுக்கொடுத்துட்டாரு.”

வாங்கிப் பார்த்தாள். வரி போயிருந்தது உண்மைதான். தையல் வேலை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு இருந்தது: இங்கே ஒன்றரை வரி இடம் விடவும்.

“இந்த எடம் என்னத்துக்கு?”

“பம்பாய் ஆபீஸ்ல கேட்டு அப்புறமா நிரப்பிக்கிறாராம்.”

“நீ கையெழுத்துப் போட்டப்பறமா?”

சிகாபுதீன் முகத்து மலர்ச்சி வடிந்துபோயிற்று. “எடம் விடாமக் கொண்டாந்தா வேற தையக்காரனப் பாத்துக்குவேன்னாருக்கா” என்றான்.

கமலாக்ஷிக்குப் பயமாக இருந்தது. அவன் வீட்டில் மனைவி லதீஃபாவும் இரண்டு குழந்தைகளும் துபாய்க் கனவிலேயே ஆறு மாதம் கழித்துவிட்டார்கள். அவர்கள் வாயில் மண் போடுகிறோமோ என்று மனம் அடித்துக்கொண்டது. கார்பன் தாள்களை இடையில் வைத்து, மூன்று காகிதங்களையும் சேர்த்துப் பொறியில் சுருட்டினாள். ஒற்றை விரலால் தையல் வேலை வரைக்கும் அடித்துவிட்டு நிறுத்தினாள்.

“போகப்போறது நீ. எடத்த விடவா, மூடவா? நீ எது சொல்றியோ அத செய்யறேன்.”

அவன் ஜன்னலைப் பார்த்தான். எர்ணாகுளம் படகு துறையில் மணியடித்தது. அவன் நகரவில்லை.

“எனக்குத் தெரிஞ்சது கத்திரிக்கோலுதான்” என்றான் கடைசியில். “அதுக்குக் கூப்புட்டா போறேன். மூடிருங்கக்கா.”

அவள் விரல் எக்ஸ் எழுத்தின் மேல் இறங்கிற்று. ஒன்று, இன்னொன்று, ஒன்றையொன்று தொட்டபடி இன்னொன்று. ஓரத்துக்கு வந்ததும் பொறி மணியடித்தது. அடுத்த வரியையும் பாதி வரை நிரப்பி, ஒப்பந்தத்தின் மிச்சத்தை அடித்து முடித்துக் காகிதங்களை உருவினாள். மேல் பிரதியை அவள் பார்க்கவே இல்லை. அடியில் இருந்ததை, அவனிடம் தங்கப்போகும் பிரதியை, தனியே எடுத்துக் கவிழ்த்து, அந்த ஒன்றரை வரி அங்கேயும் அழுந்தி விழுந்திருக்கிறதா என்று முதுகுப் பக்கம் அதே விரலால் மெல்லத் தடவினாள்.