செத்த பிறகு ஒரு சிரிப்பு

“அம்மா, வர்ற வியாழக்கிழமை நீங்க செத்துடுறீங்க” என்று டைரக்டர் தம்பி சொன்னபோது நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சீரியலுக்காக வாடகைக்கு எடுத்த அடையாறு பங்களா, மாடிப்படிக்குக் கீழே மேக்கப் நாற்காலி. வாயில் இருந்த விள்ளல் உள்ளே இறங்கவில்லை.

இதை நான் ஹீரோயின்களுக்கு எழுதவில்லை. அவர்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அம்மா, அத்தை, பெரியம்மா என்று ஃப்ரேமின் ஓரத்தில் நிற்க வருகிறீர்களே, உங்களுக்கு எழுதுகிறேன்.

1. கோமாவில் இடமில்லை

அந்தத் தொடரில் நான் மரகதம் பெரியம்மா. இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் அறிவுரை. ரேட்டிங் இறங்கினால் சேனல்காரர்கள் ஒரு சாவு கேட்பார்கள். இளசுகளைக் கொல்ல மனசு வராது. எங்களில்தான் ஒருத்தியைத் தேடுவார்கள்.

என் வயசுக்கு இது போனால் இன்னொன்று வராது. வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்தபடுக்கை. பட்டினப்பாக்கத்தில் எங்கள் வீட்டு அடுப்பு மரகதத்தால்தான் எரிந்தது. அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“தம்பி, சாவடிக்காதப்பா. கோமாவுல போட்டுடு. ஒரு ஓரமா படுத்துக் கெடக்கறேன்.”

கோமா என்றால் என்றைக்காவது கண் முழிக்கலாம். சாவு என்றால் போட்டோ, மாலை, அவ்வளவுதான்.

“கோமாவுல ஏற்கெனவே தாத்தா இருக்காரும்மா” என்றான். பாவம், அவனும் கிண்டலாகச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை நெஞ்சு வலி வந்து செத்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்தவர் ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுப்பார்கள். டிவியில் வராது, சகுனத் தடை போவதற்காக மட்டும். கேமராமேன், “அம்மா, சிரிங்க” என்றார். வேலை போன வயிற்றெரிச்சலில் எங்கிருந்து சிரிப்பு வரும்? பல்லைக் கடித்துக்கொண்டு உதட்டை மட்டும் இழுத்தேன். கண் எரிந்துகொண்டிருந்தது.

2. ஜாபர் பாய் வெட்டி ஒட்டியது

தி.நகரில் எங்கள் எடிட்டிங் ரூம். எடிட்டர் ஜாபர் பாய் அதிகம் பேசமாட்டார். எல்லோரும் அழுகிற அந்த எபிசோட் கொஞ்சம் நீளம் குறைந்துவிட்டது. அழுத மூஞ்சிகளையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார், போதவில்லை. கடைசியில் என் சிரிப்பை எடுத்து ஒட்டி, அதிலேயே ‘தொடரும்’ போட்டுவிட்டார்.

மறுநாள் ஊரே பேசியது. செத்துக் கிடந்த பெரியம்மா ஏன் கண்ணைத் திறந்து அப்படிச் சிரித்தாள்? சேனலிலிருந்து போன். குடும்பக் கதை ஒரே ராத்திரியில் பேய்க் கதையானது. எனக்கு மறுபடி அழைப்பு வந்தது. ஜாபர் பாய்க்குப் பிரியாணி வாங்கிக்கொண்டு ஓடினேன்.

“எனக்கு எதுக்கும்மா இது? ஃபுட்டேஜ் பத்தல. கைக்கு வந்தத போட்டேன்” என்றார். ஆனாலும் சாப்பிட்டார்.

பேய் வேலை லேசு என்று நினைக்காதீர்கள். வெள்ளை லென்ஸ் போட்டால் கண்ணில் மிளகாய். ரோப்பில் கட்டி மேலே தூக்கினால் இடுப்பு கழன்று தனியாகத் தொங்கும். சாம்பிராணிப் புகையில் இருமினால், “அம்மா, பேய் இருமாது” என்று ஒன்மோர் கேட்பார்கள். பஸ்ஸில் ஒரு பொம்பளை என்னைப் பார்த்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்சீட்டுக்குப் போனாள். அன்றைக்கு மனசு விட்டுப்போனது. ஆனாலும் சோறு போடுகிற பேயை யார் விரட்டுவார்கள்?

சேனல்தான் விரட்டியது. பேயும் சலித்துவிட்டது. இப்போது எல்லாச் சேனலிலும் துப்பறியும் கதை ஓடுகிறதாம். எங்கள் தொடருக்கும் ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். நெஞ்சு வலியில் செத்தவளுக்கு விஷம் வைத்திருக்கிறார்களாம், ஃபிளாஷ்பேக்கில் போஸ்ட்மார்ட்டமாம்.

“அப்ப பேயி?” என்று டைரக்டர் தம்பியைக் கேட்டேன்.

“போலீஸ் கதையில பேய் இருந்தா யாரும் நம்ப மாட்டாங்கம்மா.”

அடப்பாவி! இவ்வளவு நாள் நம்பினார்களே, அது?

3. மார்ச்சுவரி மேஜை

கடைசி நாள். மூக்கில் பஞ்சு, இரும்பு மேஜை, முதுகெல்லாம் குளிர். இன்ஸ்பெக்டர் என் முகத்தைத் துணியால் மூடினார். “கட். ஓகே.” நான் எழுந்திருக்கவில்லை. சிரிக்கச் சொல்வார்கள் என்று துணிக்குள் காத்திருந்தேன். லைட் அணைக்கிற சத்தம் கேட்டது. நானே துணியை விலக்கினேன்.

“தம்பி, சிரிப்பு ஷாட் எடுக்கலியே?”

“வேணாம்மா.” அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான். “அது இருந்தா மறுபடி உங்களக் கொண்டாரச் சொல்வாங்க. கதை மாறிடும்.”

கேமராமேன் தலையைக் குனிந்துகொண்டார். பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். செத்தவளைச் செத்தவளாகவே வீட்டுக்கு அனுப்புகிறார்களே!

பட்டினப்பாக்கத்தில் இறங்கினால் ரோட்டோரம் மீன் விற்கும் தேசம்மா. தினமும் பார்க்கிறவள், தினமும் வம்பிழுப்பவள்.

“இன்னாக்கா, பேய் இன்னிக்கு சீக்கிரமா வந்துகினு கீது?”

“முடிஞ்சிபோச்சிடி. கொன்னுட்டானுங்க. கடைசியா ஒரு சிரிப்பு எடுப்பாங்க, அதக்கூட எடுக்கல.”

விஷயத்தை முழுசாகக் கேட்டாள். பிறகு செதில் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்து, இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

“அவனுங்க கெடக்கறானுங்க. இங்க பாரு. சிரி.”

“போடி.”

“சிரிக்கா. கஸ்டமர் நிக்கறாங்க பாரு.”

நங்கு மீன் வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதோடேயே சிரிப்பும் வந்தது, இந்த முறை பல்லெல்லாம் தெரிய.

ஓரமாக நிற்க வருகிற பெண்களே, இவ்வளவுதான் நான் கற்றது: எழுந்திருக்க யாராவது சொல்வார்கள் என்று துணிக்குள் காத்திருக்காதீர்கள். அடுத்த வேலை இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

தொடர் ஓடுகிறது. அந்த வீட்டு ஹாலில் என் போட்டோவுக்குத் தினமும் மாலை மாற்றுகிறார்கள். இன்னொரு போட்டோ தேசம்மா போனில் இருக்கிறது. அதற்கு மாலை கிடையாது.