மோட்டார் தெரியாத பம்ப்

தொண்ணூறுகளின் நடுவில் பீளமேட்டில் பம்ப் செட் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தேன். மதுக்கரையிலிருந்து தினமும் உக்கடம் வந்து, பஸ் மாறிப் போவேன். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அக்கா மகளின் போட்டோ ஒன்று இருந்தது. மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த கேமராவில் நான் எடுத்தது. குழந்தையின் முகம் பளிச்சென்று இருக்கும். பின்னால் நின்ற முருங்கை மரம் பச்சைப் புகையாகக் கரைந்திருக்கும். எப்படி அப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

ஒருநாள் முதலாளி அதைப் பார்த்துவிட்டார்.

“யாரு அம்மணி எடுத்தது?”

“நானுங்க.”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வெளிமாநில வியாபாரி ஒருவர் எங்கள் பம்பின் படங்களைக் கேட்டிருந்தார். முகூர்த்த மாதம் என்பதால் ஸ்டுடியோக்காரர் யாரும் கிடைக்கவில்லை.

“அப்பறம் என்னங்க, நீங்களே எடுத்துப்போடுங்க” என்றார் முதலாளி. முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஷெட்டுக்குள் வெளிச்சம் கம்மி. குழந்தையை எடுத்த மாதிரியே, லென்ஸில் வெளிச்சம் புகும் துளையான அப்பர்ச்சரை முழுக்கத் திறந்துவைத்து ஒரு ரோல் எடுத்தேன். காந்திபுரம் லேபில் கழுவக் கொடுத்து வாங்கி, வாசற்படியிலேயே கவரைப் பிரித்தேன். பம்பின் முன்வாய் அவ்வளவு தெளிவு, போல்ட்டை எண்ணலாம். அதன் பின்னால் இருந்த மோட்டார்தான் இல்லை. முருங்கை மரத்தைத் தின்ற அதே புகை மோட்டாரையும் தின்றிருந்தது. பெயர்த்தகட்டில் ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை.

முதலாளி படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இதென்னங்க, மோட்டாரு பனிக்குள்ள நிக்குது?” என்றார். திட்டவில்லை. “வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்போணும்” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று சோறு இறங்கவில்லை. கேமராவோடு வந்த சிறு புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அப்பர்ச்சர் எண் கூடினால் துளை சின்னதாகும், துளை சின்னதானால் முன்னும் பின்னும் தெளிவாக விழும் என்று போட்டிருந்தது. நம்பிக்கை வராமல் மூன்று டம்ளர்களை முன்பின்னாக வைத்து, துளையைச் சுருக்கிக் காட்டும் லென்ஸ் ஓரத்து விசையை அழுத்தி அழுத்தி கேமராவுக்குள் பார்த்தேன். படம் இருண்டது, ஆனால் கடைசி டம்ளரின் விளிம்பு மெல்லத் துலங்கி வந்தது.

“ஏங்கண்ணு, டம்ளர்ல என்ன இருக்குதுன்னு அப்படிப் பாக்கற?” என்றாள் அம்மா.

“வேலை போகாம இருக்கோணும்மா.”

மறுநாள் அப்பர்ச்சர் எண்ணைப் பதினாறில் வைத்தேன். துளை அவ்வளவு சிறியதானதால் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். லேத் ஓடினால் தரையே அதிரும், படம் கலங்கிவிடும். எல்லாரும் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து, கேமராவை ஸ்டூலில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

இந்தத் தடவை மோட்டார் வந்தது. கூடவே பின்சுவரும் வந்தது. ஆணியில் தொங்கிய லுங்கி, ஆயில் டின், சூப்பர்வைசர் சாப்பாடு கொண்டுவரும் தூக்குப்போசி, எல்லாம் பம்பைப் போலவே துல்லியமாக.

“என்ற போசியும் விலைக்கு வந்திருச்சுங்களா?” என்றார் சூப்பர்வைசர். எல்லாரும் சிரித்தார்கள். நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மிச்சமிருந்தது வியாழக்கிழமைதான். பம்பைச் சுவரிலிருந்து தள்ளி, வாசல் வெளிச்சத்துக்கு நகர்த்தித் தரச் சொன்னேன். அப்பர்ச்சரை எட்டில் வைத்தேன். முன்வாய்க்கும் இல்லாமல் மோட்டாருக்கும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவில் ஃபோகஸ் செய்தேன். அது சரியா என்று கேட்க ஆளில்லை. அதுவும் தப்பினால் வேறு வழியும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் லேப் திறக்கும் முன்பே போய் நின்றேன். கவரை வாங்கியும் பிரிக்க மனம் வரவில்லை. பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்து, கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில்தான் பிரித்தேன். பம்பும் மோட்டாரும் தெளிவாக இருந்தன, சுவர் மங்கியிருந்தது. மோட்டாரின் வால்பக்கம் மட்டும் கொஞ்சம் மழுங்கல். முதலாளி பூதக்கண்ணாடி வைத்துப் பெயர்த்தகட்டை வாய்விட்டுப் படித்தார். பிறகு கண்ணாடியை வால்பக்கம் நகர்த்தினார். மழுங்கலைக் கவனித்தாரோ என்னவோ.

“போதுங்க, அனுப்பிரலாம்” என்றார்.

அதன் பிறகும் நிம்மதி இல்லை. ஆபீஸில் போன் அடித்தாலே டைப்பில் தப்பு விழும். படம் நன்றாக இருந்தது என்றோ இல்லை என்றோ அந்த வியாபாரி கடைசிவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆர்டர் மட்டும் வந்தது. பதில் கடிதத்தை முதலாளி சொல்லச் சொல்ல நானே டைப் அடித்தேன். அன்றைக்கு மத்தியானம்தான் ரொம்ப நாளைக்கு அப்புறம் கொண்டுபோன சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.